மெடிக்கெய்ட் கையைவிட்டுப் போகாமல் இருக்க

நியூ ஜெர்சியில் ஒரு சமூக மருத்துவ மையத்தில், காப்பீட்டு விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களுக்கு உதவுவது என் வேலை. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு வரப்போகும் வேலை நிபந்தனை பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது. எடிசனில் இருக்கிறோம், குடியுரிமை வாங்கிவிட்டோம். ஆப் வழியாக உணவு டெலிவரி செய்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் நியூ ஜெர்சி ஃபேமிலிகேர் என்ற நம் மாநில மெடிக்கெய்டுதான். இனி மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும் என்கிறார்கள். சில மாதம் 100 மணி நேரம் ஓட்டுவேன், சில மாதம் 50கூடத் தேறாது. முதலாளியே இல்லாத வேலைக்கு யாரிடம் சான்று வாங்குவது? பிள்ளைகளுக்கு வயது 15, 9.

பதில்: நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது. 13 வயது வரையுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. சின்னப் பிள்ளைக்கு 14 ஆகும்வரை நீங்கள் மணிக்கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை உங்களோடு வசிப்பதாகவும், பிறந்த தேதி சரியாகவும் உங்கள் ஃபைலில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் இப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த நிபந்தனையைக் கொண்டுவந்த மத்திய அரசுச் சட்டம் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தானது. 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வருமானம் குறைவு என்பதால் விரிவாக்கப்பட்ட மெடிக்கெய்டில் சேர்ந்த, 19 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு இது பொருந்தும். அவர்களுக்குப் புதுப்பித்தலும் இனி ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

விலக்கு இருந்தாலும் ஆப் தரும் வாராந்தரக் கணக்கையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 80 மணி நேரம் என்பது ஒரு வழிதான். மாத வருமானம் 580 டாலர் இருந்தாலும் போதும். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை 80 மணி நேரத்தால் பெருக்கி வந்த தொகை அது. நம் மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி 15 டாலருக்கு மேல். ஆகவே இங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் மாதம் 39 மணி நேரம் செய்தாலே 580-ஐத் தாண்டிவிடுவார். இது தெரியாமல் 80-ஐ எட்ட முடியாது என்று மனம் தளர்ந்து போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

ஆர்கன்சா மாநிலம் 2018-ல் இதைச் செய்து பார்த்தது. முதலில் இணையத்தில் மட்டுமே கணக்குக் கொடுக்க முடியும். அந்த இணையதளமும் இரவு 9 முதல் காலை 7 வரை மூடியிருக்கும். சில மாதங்களுக்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிறகு ஆராய்ந்தவர்கள், நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்பே வேலையில் இருந்தவர்கள் அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள் என்று கண்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கையும் கூடவில்லை. வேலை செய்யாததால் அல்ல, பேப்பர் போய்ச் சேராததால்தான் காப்பீடு போகிறது. உங்கள் காப்பீடு அப்படிப் போகவே கூடாது.

கேள்வி: மாமியாருக்கு 61 வயது. கிரீன் கார்டு வாங்கி ஆறு வருடம் ஆகிறது, மெடிக்கெய்டில் இருக்கிறார். சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இந்த வயதில் எங்கே வேலைக்குப் போவார்? ஆங்கிலமும் தெரியாது.

பதில்: 65 ஆகிவிட்டால் இந்த நிபந்தனை அவரைத் தொடாது. அதுவரை, உடல்நலம் மிகவும் குன்றியவர்களுக்கான விலக்கைக் கேளுங்கள். தீவிரமான அல்லது சிக்கலான நோய் உள்ளவர்களும், அன்றாடக் காரியங்களைச் செய்ய முடியாத அளவு உடல் குறைபாடு உள்ளவர்களும் இதில் வருவார்கள்.

டாக்டர் கடிதம்தான் இதில் உயிர். 'சர்க்கரை, மூட்டுத் தேய்மானம்' என்று நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். எவ்வளவு நேரம் நிற்க முடியும், படியேற முடியுமா, குளிக்கக் கைத்தாங்கல் வேண்டுமா, கண்ணிலோ காலிலோ சர்க்கரையின் பாதிப்பு உண்டா என்றெல்லாம் எழுதச் சொல்லுங்கள். அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் டாக்டர் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். அதுவே ரெக்கார்டிலும் ஏறிவிடும்.

அப்புறம் பெயர். அப்பா பெயரோ கணவர் பெயரோ கடைசிப் பெயராகிவிடுகிறது, ஒரு கார்டில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றே அச்சாகிவிடுகிறது. தன்னிடம் உள்ள தகவலை வைத்து மாநிலமே முதலில் சரிபார்க்க வேண்டும் என்கிறது சட்டம். பெயர் பொருந்தாவிட்டால் அந்தத் தகவல் அவருடையது என்றே தெரியாமல் போகும். கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி கார்டு, க்ளினிக் ரெக்கார்டு, மெடிக்கெய்டு கார்டு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

மொழிக்கு வருகிறேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுண்டி ஆபீஸில் கேளுங்கள். போனில் இணைப்பார்கள், காசு கிடையாது. பேரப்பிள்ளையை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். பாட்டியின் நோய்களை ஒரு குழந்தை வாயால் சொல்ல வைப்பது எனக்கு ஒப்பவில்லை, தவறாகச் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

நிபந்தனை நிறைவேறவில்லை என்று நோட்டீஸ் வந்தால் பதில் தர 30 நாள் உண்டு. அதுவரை காப்பீடு நிற்காது. பிறகும் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 30 நாளைத் தவற விடாதீர்கள். இந்தக் காரணத்துக்காக மெடிக்கெய்டு போனவருக்கு, அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) சொந்தமாக வாங்கும் காப்பீட்டுக்கான வரிச் சலுகையும் கிடைக்காது.

கேள்வி: எனக்கு வயது 20. கம்யூனிட்டி காலேஜில் பாதி நேர மாணவன். மளிகைக் கடையில் வாரம் 10 மணி நேரம் வேலை. என் மெடிக்கெய்டு போய்விடுமா?

பதில்: போகாது தம்பி. பாதி நேரப் படிப்பே போதும். ஒவ்வொரு செமஸ்டரும் பதிவான உடனே காலேஜில் அதற்கான சான்றுக் கடிதம் வாங்கி வை. படிப்பில் இடைவெளி விழுந்தாலும், நான்கு வாரத்துக்கு 40 மணி நேரம், மணிக்கு 15 டாலர் என்றாலே 600 வருகிறது. அதனால் பே ஸ்டப் எதையும் தூக்கிப் போடாதே. கையில் ரொக்கமாகத் தருகிறார்கள் என்றால் இனி செக்காகக் கேள். வீடு மாறினால் அந்த வாரமே புது முகவரியைத் தெரிவித்துவிடு, நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போனாலும் 30 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.