நிவாரணப் பணத்தில் உடனே மாடு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்தபோது, இரண்டு கறவை மாடும் ஆறு ஆடும் போய்விட்டன. அரசு நிவாரணம் ரூ.99,000 வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறது. 3 ரூபாய் வட்டிக்கு வாங்கிய ரூ.40,000 கடன் நிற்கிறது. "பணம் இருக்கும்போதே இரண்டு மாடு பிடித்துவிடுங்கள் அண்ணி, குறைவதை அதே இடத்தில் கடன் வாங்கலாம்" என்கிறார் கொழுந்தனார். சந்தையில் ஒரு கறவை மாடு ரூ.60,000 சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வளர்த்த மாடு போன வீட்டில் விடியற்காலையில் கை தானாகப் பால் செம்பைத் தேடும். எங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருக்கிறது. அதனால் உங்கள் அவசரம் புரிகிறது, அம்மா. ஆனால் இரண்டு மாடு இப்போது வேண்டாம்.

மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000 என்று அரசு நிர்ணயித்த தொகை உங்களுக்குச் சரியாகவே வந்திருக்கிறது. அது மாட்டின் விலை இல்லை. அஞ்சு லிட்டர் கறந்தாலும் பதினைந்து லிட்டர் கறந்தாலும் அதே தொகைதான். இரண்டு மாட்டுக்கு ரூ.1,20,000 ஆகும். குறைகிற ரூ.21,000 பழைய கடனோடு சேர்ந்தால் ரூ.61,000. மாதம் ரூ.1,830 வட்டி. மாடு கறக்கிற பாலில் முதல் பங்கு வட்டிக்காரருக்குத்தான் போகும்.

நூற்றுக்கு 3 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். முதல் வேலையாக அந்த ரூ.40,000-ஐ அடைத்து, புரோநோட்டைக் கையில் வாங்கிவிடுங்கள். மிச்சம் ரூ.59,000 ஒரு மாட்டுக்கு ஏறக்குறையப் போதும். அதையும் இரண்டு மாதம் கழித்து வாங்குங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஊரே மாடு தேடும்போது விற்பவர் சொன்னதுதான் விலை. கொட்டகைத் தரையும் காயட்டும். மாதாமாதம் கட்டிவந்த ரூ.1,200 வட்டியை எடுத்து வைத்தாலே குறைகிற ஆயிரம் தேறிவிடும்.

தீவனம், மருந்துச் செலவுக்குக் கிசான் கடன் அட்டை இருக்கிறது. 2019 முதல் கால்நடை வளர்ப்பவர்களுக்கும் தருகிறார்கள். வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். கூட்டுறவு வங்கியில் கேளுங்கள். அது பராமரிப்புச் செலவுக்கான கடன், அதில் மாடு வாங்க முடியாது.

மாடு வீட்டுக்கு வந்ததும் காப்பீடு செய்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் மூன்று மாடு, அல்லது முப்பது ஆடு வரைக்கும்தான். எட்டு மாடு இழந்தவருக்கும் மூன்றுக்குத்தான் கிடைக்கும். புயல், வெள்ளம் மாதிரி பேரிடர் வந்தால் மட்டும்தான் அந்த நிவாரணம். காப்பீடு நோயில் செத்தாலும் கை கொடுக்கும். தேசிய கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்டால் அவரே மாட்டைப் பார்த்து, மஞ்சள் காதுவில்லை போட்டு, விண்ணப்பமும் கொடுப்பார்.

அந்தக் காதுவில்லைதான் அந்த மாட்டுக்கு ஆதார் மாதிரி. முள்வேலியில் மாட்டி அறுந்துவிட்டால் அன்றைக்கே சொல்லி வேறு போடச் சொல்லுங்கள். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மனசு கேட்கவில்லை என்று உடனே புதைத்துவிடாதீர்கள். டாக்டர் பரிசோதித்துச் சான்று தரும்வரை வைத்திருங்கள். வில்லை எண் தெரிகிற மாதிரி மாட்டை இப்போதே ஒரு படம் எடுத்து, உங்கள் போனிலும் கொழுந்தனார் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.