இரண்டு குறியீடுகளை ஏன் ஒன்றாக்கினீர்கள் என்று கேட்டால்

செவிலியர்களின் இரவுப்பணி பற்றிய நேர்காணல்களில் ‘களைப்பு’, ‘புறக்கணிப்பு’ என்ற இரு குறியீடுகளை (பேச்சின் பகுதிகளை வகைப்படுத்த நீங்கள் இட்ட பெயர்களை) ஆய்வின் பாதியில் ஒன்றாக்கினீர்கள், காரணத்தை எழுதிவைக்கவில்லை, இப்போது ஆய்வு வழிகாட்டி கேட்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து பழைய தேதியிட்டுக் குறிப்பு எழுதாதீர்கள். ஆய்வின் நம்பகத்தன்மையே அதில் போய்விடும். இன்றைய தேதியில், ‘பின்னர் மீட்டெழுதியது’ என்று வெளிப்படையாகத் தலைப்பிட்டு எழுதுங்கள். குறியீட்டுப் பட்டியலின் பழைய கோப்புகள், வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், எழுத்துப்படியின் ஓரக்குறிப்புகள் எல்லாம் ஆதாரம்தான்.

இனி ஒவ்வொரு முடிவுக்கும் குறிப்பேட்டில் ஒரு பத்தி போதும்: என்ன மாற்றினேன், எந்த வரி அதற்குத் தூண்டியது, வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டேன். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உதாரணமாக இப்படி: ‘நேர்காணல் 7, வரி 112: “தூக்கம் கெட்டதுகூடப் பரவாயில்லை, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.” களைப்பும் புறக்கணிப்பும் இங்கே சேர்ந்தே வருகின்றன. தனித்தனியாக வைத்தால் இந்தத் தொடர்பு மறைந்துவிடும். நேர்காணல் 3 மட்டும் இதற்குப் பொருந்தவில்லை.’ பொருந்தாததை அவசியம் எழுதுங்கள்.

பண்புசார் ஆய்வு முறையியலாளர்களான இவோனா லிங்கனும் ஈகன் கூபாவும் 1985இல் வலியுறுத்திய தணிக்கைத் தடம் இதுதான். வெளியாள் ஒருவர் உங்கள் முடிவிலிருந்து தரவு வரை தடம்பிடித்துப் போக முடிய வேண்டும். அவர் உடன்பட வேண்டும் என்பதில்லை. தேர்வாளரும் குறிப்பேட்டைக் கேட்கலாம் என்பதால், செவிலியர்களின் பெயரோ வார்டு எண்ணோ அதில் வரக்கூடாது.