நுரையீரல் நோயாளியின் நடையும் நடைவண்டியும்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு 71 வயது, சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்). வீட்டிலிருந்து காலி வீதிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறார். ஆனால் சுப்பர்மார்க்கட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தால் களைப்பில்லாமல் சுற்றுகிறார். இது எப்படி? (வெள்ளவத்தை)

நீங்கள் கவனித்தது மிகச் சரி. இந்த நோயில் காற்று முழுதாக வெளியேறாமல் நுரையீரல் உப்பியே இருக்கும். அதனால் நுரையீரலுக்குக் கீழுள்ள மூச்சுத்தசையான உதரவிதானம் தட்டையாகி இழுவிசையை இழக்கிறது. கைகளை ஊன்றிச் சற்று முன்சாய்ந்தால் வயிறு மேலே தள்ளி, உதரவிதானம் மறுபடி குவிகிறது. ஊன்றிய கையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை இல்லாததால், தோளையும் மார்பையும் இணைக்கும் தசைகள் விலா எலும்புகளை உயர்த்த உதவுகின்றன. தள்ளுவண்டி செய்தது இதைத்தான்.

ஆகவே அவருக்கு நான்கு சில்லு நடைவண்டி, அதாவது ரொலேட்டர், பொருந்தும். கைபிரேக், இருக்கை, கூடை மூன்றும் இருக்கட்டும். நம் நடைபாதைக் கற்களில் சின்னச் சில்லு மாட்டும். 8 அங்குலச் சில்லாகப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்கும் சில்லில்லா வோக்கர் வேண்டாம். தூக்குவதே கூடுதல் வேலை, இளைப்பு கூடும். ஆறு நிமிடத்தில் 300 மீற்றர் தாண்டாதவர்களுக்கும் இடையில் நின்று மூச்சு வாங்குபவர்களுக்கும்தான் ரொலேட்டரின் பலன் நன்றாகத் தெரியும். நன்றாக நடப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இராது.

வாங்கிவிட்டோம். அம்மா கூனிக்கொண்டு தள்ளுகிறா, முன்னைவிடக் களைக்கிறது என்கிறா. (கொட்டாஞ்சேனை)

கைப்பிடி தாழ்ந்திருக்கிறது. வெளியில் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குக் கைப்பிடியை வையுங்கள்; பிடிக்கும்போது முழங்கை 15 முதல் 30 பாகை வரை மடியும். தாழ்ந்தால் வயிறு நசிந்து மூச்சு முட்டும். உயர்ந்தால் தோள் காதை நோக்கி ஏறிக் கழுத்து இறுகும், பாரமும் கைக்கு இறங்காது. இரண்டு பக்கமும் ஒரே துளையில் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இருக்கையில் அமருமுன் இரண்டு பிரேக்கையும் கீழே அழுத்திப் பூட்ட வேண்டும். கால்களின் பின்புறம் இருக்கையில் தொட்ட பிறகே உட்கார வேண்டும். பூட்ட மறந்தால் வண்டி பின்னால் நழுவிவிடும். ரொலேட்டரோடு வரும் விழுகைகளில் இது முக்கியமானது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கலாம்? (தெஹிவளை)

கிளினிக்கில் இயன்மருத்துவரிடம் ஆறு நிமிட நடைச் சோதனை கேளுங்கள். வீட்டில் ரொலேட்டரோடு நடப்பதானால் சோதனையையும் அதோடே செய்விக்க வேண்டும். 240 மீற்றர் வந்தது என்று வைப்போம்: நிமிடத்துக்கு 40. அதில் 80 சதவீதம், 32 மீற்றர், பயிற்சி வேகம். 16 மீற்றர் நீளமான தாழ்வாரத்தில் போய்வர ஒரு நிமிடம் எடுத்தால் கணக்குச் சரி.

முதல் கிழமை 10 நிமிடம், இடையில் நின்றாலும் பரவாயில்லை, நின்ற நேரத்தைச் சேர்க்காதீர்கள். கிழமைக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டி 20–30க்குக் கொண்டுவாருங்கள். கிழமையில் மூன்று நாளாவது வேண்டும். 0 (இளைப்பே இல்லை) முதல் 10 (மிகக் கடும் இளைப்பு) வரையான அளவில் இளைப்பு 3, 4 இருக்கட்டும்: சின்ன வசனம் பேசலாம், கதையளக்க முடியாது. வைத்தியர் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் இன்ஹேலர் தந்திருந்தால், நடைக்கு 10–15 நிமிடம் முன்பு எடுக்கலாமா என்று கேளுங்கள். கொழும்பின் புழுக்கத்துக்கு விடியற்காலைதான் நல்லது, அதுவும் பிரதான வீதியின் புகைக்கு ஒதுங்கி.

நடக்கும்போது, இரத்த ஒட்சிசனை விரலில் அளக்கும் ஒக்சிமீட்டர் 84 சதவீதம் காட்டுகிறது. பயமாக இருக்கிறது. (பம்பலப்பிட்டி)

கைப்பிடியை இறுக்கிய விரல் அசைந்தால் பிழையான எண் வரும். நின்று, கையைத் தளர்த்தி, நகப்பூச்சு இல்லாத சூடான விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை பாருங்கள். அப்படியும் 88க்குக் கீழே என்றால் அன்றைய நடையை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒட்சிசன் இருப்பவர்கள் அளவைத் தாமாகக் கூட்டவே கூடாது. சிலருக்கு இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கி மயக்கம் வரும். சிலிண்டரைத் தோளில் தொங்கவிடாமல் கூடையில் கட்டி வையுங்கள்.

மார்புவலி, உதடு நீலமாதல், ஓய்வெடுத்தும் அடங்காத இளைப்பு என்றால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

ஊன்றுகோல் போதாதா? வோக்கரோடு கோயிலுக்குப் போக அம்மாவுக்கு வெட்கம்.

தடுமாற்றத்துக்குத் தடி உதவும். மூச்சுக்கு அதிகம் உதவாது, ஒரு கைதானே ஊன்றுகிறது. முதலில் தாழ்வாரத்தில் ஒருநாள் வண்டியில்லாமலும் மறுநாள் வண்டியோடும் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எத்தனை தரம் நின்றா என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை அவவிடமே காட்டுங்கள்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.

வண்டியைக் கீழே பூட்டி வைக்க இடம் கேளுங்கள். படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நின்றபடி மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து விட்டபடியே இரண்டு படி ஏறி, மறுபடி நிற்க வேண்டும். மூச்சை அடக்கி ஏறக்கூடாது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு கதிரை போட அயலவர் சம்மதித்தால் இன்னும் நல்லது.