தமிழ்வழியில் படிக்கும் சின்னப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச வைப்பது எப்படி?

"என் மகள் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலப் பாட்டெல்லாம் ஒப்பிக்கிறாள், ஒரு கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பும் அப்படித்தான் இருந்தது. காலையில் நுழைந்ததும் இருபத்தெட்டுப் பேரும் "குட்... மார்னிங்... மிஸ்" என்று ராகம் போட்டு இழுப்பார்கள். "வாட் டிட் யூ ஈட்?" என்று கேட்டால் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்.

முதலில் நான் மாற்றியது என் அவசரத்தை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக 1 நொடிதான் பொறுக்கிறார், 3 நொடி பொறுத்தால் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்று கண்டார். அது சொந்த மொழியில் நடந்த அறிவியல் வகுப்பு. நம் பிள்ளையோ தமிழில் யோசித்து, கடைசியில் நிற்கும் வினையை நடுவுக்கு இழுத்து வர வேண்டும். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன்.

அப்புறம், பேசுவதற்கு ஒரு தேவை வேண்டும். "திஸ் இஸ் எ பென்" என்று பேனாவைக் காட்டிச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் தேவை இல்லை, எல்லோருக்கும்தான் அது தெரிகிறதே. ஒரு மஞ்சப்பைக்குள் கொட்டாங்குச்சி, சீப்பு, வெங்காயம் என்று எதையாவது போட்டு ஒரு பிள்ளையிடம் கொடுப்பேன். மற்றவர்கள் "இஸ் இட் ஹார்டு?", "கேன் வீ ஈட் இட்?" என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பதால் கடைசி பெஞ்சிலிருந்தும் கேள்வி வரும். வீட்டில் சமையலறைப் பொருள் போதும்.

தப்பைத் திருத்துவது எப்படி என்பதுதான் எனக்குப் பிடிபட நாளானது. ஒரு சிறுமி ஓடி வந்து, "மிஸ், ஐ யெஸ்டர்டே கோயில் கோ" என்றாள். முன்பெல்லாம் "கோ இல்லை, வென்ட்" என்பேன், பிள்ளை போய் உட்கார்ந்துவிடும். அன்று, "ஓ, யூ வென்ட் டு த டெம்பிள்? ஹூ வென்ட் வித் யூ?" என்று பேச்சைத் தொடர்ந்தேன். கொஞ்சம் யோசித்து, "மை பாட்டி வென்ட். ஐ வென்ட். தம்பி நோ, ஃபீவர்" என்றாள். அந்த 'வென்ட்' அவளே எடுத்துக்கொண்டது. 'நோ'வை நான் தொடவில்லை.

'புக்கு', 'பேட்டு' என்று சொல்வதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். தமிழில் சொல்லின் கடைசியில் வல்லின மெய் வராது, அதனால் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. நல்ல உச்சரிப்பைக் கேட்கக் கேட்கக் குறையும்.

உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை. "இன்றைக்கு நீ டீச்சர், எனக்கு இரண்டு வரி சொல்லிக்கொடு" என்று மகள் எதிரே உட்காருங்கள். தினம் பத்து நிமிடம் போதும். ஆனால் வீட்டுக்கு யாராவது வரும்போது, "எங்கே, மாமாவுக்கு இங்கிலீஷில் பேசிக் காட்டு" என்று மட்டும் நடுவீட்டில் நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தப்பட்ட ஒரு பையன் என்னிடம் மறுபடி வாய் திறக்க ஒரு பருவம் முழுதும் ஆனது.