நுகர்வோர் கேள்வி-பதில்: பல் முளைக்கும் குழந்தைக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

குழந்தைக்குப் பல் முளைக்கும் காலம் தொடர்பாக வந்த கேள்விகளில் ஐந்துக்கு இம்முறை பதில் அளிக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளும். மற்றவற்றில் பல அதைச் சார்ந்தே இருப்பதால் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. இரண்டு மாதமாக ஈறு வீங்குவதும் அடங்குவதுமாக இருக்கிறது. இரவில் மூன்று நான்கு முறை வீறிட்டு எழுகிறான். இதுவரை கீழ்வரிசையில் ஒரு பல்தான் எட்டிப் பார்க்கிறது. தெருமுனை மருந்துக் கடையில் ஈறில் தடவும் ஜெல் ஒன்றைக் கொடுத்து, எல்லாரும் வாங்கிப் போவதுதான் என்றார்கள். உறையில் லிக்னோகெய்ன், கோலின் சாலிசிலேட் என்ற இரண்டு பெயர்கள் உள்ளன. தடவலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தடவ வேண்டாம். உறையைத் திருப்பிப் படித்தீர்களே, அதுவே பாதி வேலை.

லிக்னோகெய்ன் என்பது பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போடுகிறாரே, அந்த மருந்துதான். வெளிநாடுகளில் லிடோகெய்ன் என்பார்கள். பெரியவர் வாயில் அளவறிந்து பயன்படுத்தும்போது அது நல்ல மருந்து. எட்டு மாதக் குழந்தையின் ஈறில் தடவினால், ஒழுகும் எச்சிலோடு கலந்து சில நிமிடங்களில் தொண்டைக்குள் இறங்கிவிடும். ஈறு மரப்பது கொஞ்ச நேரம். விழுங்கும் உணர்வு குறைவதும் மருந்து உடலில் சேர்வதும்தான் மிச்சம். அழுகை நிற்கவில்லை என்று மறுபடியும் தடவுவோம், அளவு ஏறும். ஐந்து மாதம் முதல் மூன்றரை வயது வரையிலான குழந்தைகளுக்கு இம்மருந்தால் நேர்ந்த 22 கடுமையான பாதிப்புகளை ஆராய்ந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பல் முளைக்கும் வலிக்கு இதைத் தரவே கூடாது என்ற எச்சரிக்கையை உறையிலேயே அச்சிட வேண்டும் என 2014-இல் உத்தரவிட்டது. அந்தப் பாதிப்புகளில் வலிப்பும் மரணமும் அடங்கும். பென்சோகெய்ன் என்ற இன்னொரு பெயரைப் பார்த்தாலும் ஜெல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை அது கெடுத்து உதடும் நகமும் நீலம் பாயும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அது ஆகாது என்று அதே நிர்வாகம் 2018-இல் அறிவித்தது. உங்கள் உறையில் உள்ள கோலின் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டன் 2009 முதல் அதைப் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு வேண்டாம் என்கிறது.

எல்லாரும் வாங்குகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்காது. தானாக அடங்கும் வலிக்கு எதை விற்றாலும் அதற்கு நற்பெயர் கிடைத்துவிடும். அமெரிக்காவில் 125 குழந்தைகளின் அன்றாட நிலையைப் பெற்றோர்கள் குறித்துவைத்து, 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, கடிப்பது, எச்சில் ஒழுகுவது, ஈறைத் தேய்ப்பது, சிணுங்குவது போன்ற தொந்தரவுகள் ஒரு பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து வெளிவந்த மூன்றாம் நாள் வரை, ஆக எட்டு நாள் அளவிலேயே கூடுகின்றன என்று கண்டது. ஐந்தாம் நாள் ஜெல் வாங்கினால் எட்டாம் நாள் குழந்தை சிரிக்கும், பாராட்டு ஜெல்லுக்குப் போகும். பாற்பற்கள் இருபதும் வந்து முடிய இரண்டரை, மூன்று வயது ஆகுமாதலால் இந்த எட்டு நாள் திரும்பத் திரும்ப வரும். ஒரு பல்லின் வாரம் முடிவதற்குள் அடுத்ததன் வாரம் தொடங்கிவிடுவதும் உண்டு. இரண்டு மாதமாக ஓயவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதன் ஒரு பகுதி இதுதான். மறு பகுதி, எட்டு மாத வயதில் பல் இல்லாமலேயே குழந்தைகள் இரவில் விழித்து அம்மாவைத் தேடுவார்கள் என்பது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மூடியுள்ள கிண்ணத்தில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு முனையை முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனது ஈறைப் புண்ணாக்கும் என்பதால் அது வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்ப்பதும் உதவும். கடி வாங்கத் தயாராக இருங்கள்.

இரவில் தாங்க முடியாத அழுகை என்றால், குழந்தையின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுப் பாராசிட்டமால் கொடுக்கலாம். இங்கே ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். துளிமருந்து என்று விற்கும் சிறு புட்டியில் பெரும்பாலும் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்று விற்பதில் பலவற்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கும், 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கான அளவு ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம். சிரப் என்று எண்ணித் துளிமருந்தில் 5 மில்லிலிட்டர் ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். புட்டியோடு வரும் அளவுக் குழலை அந்தப் புட்டிக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்; அண்ணன் குடித்த மருந்தின் மூடி எவ்வளவு வசதியாகக் கையில் அகப்பட்டாலும் அதில் ஊற்றாதீர்கள்.

உடல் சூடு 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, தண்ணீராகப் பேதி போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அதைப் பல்லின் கணக்கில் எழுதக் கூடாது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குறைவதும், கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதும், பல் வரத் தொடங்குவதும் ஒரே பருவத்தில் நடப்பதால் நோய்க்கும் பல்லுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டோம். பல் பேதி என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் மருத்துவரும் அவசியம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய, உள்ளே நீர் நிரம்பிய கடிப்பான், அதாவது டீத்தர், பத்தே நாளில் தையல் விட்டு ஒழுகியது. குழந்தை எவ்வளவு விழுங்கினாள் என்று தெரியவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டால், வாயில் வைக்கும் பொருள் என்பதால் சுகாதாரக் காரணத்துக்காகத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள். (வாசகர், ஆவடி)

பதில்: மனம் மாறித் திருப்பித் தருபவரிடம் அவர்கள் அப்படிச் சொல்லலாம். உங்களுடையது குறைபாடுள்ள பொருள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பவும் விற்பவர் மறுக்க முடியாது. சுகாதாரக் காரணம் இதற்கு விலக்கல்ல.

டீத்தரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒழுகிய இடத்தை அருகில் வைத்துப் படம் எடுத்து, பொருளை உறையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். இருநூறு ரூபாய்ப் பொருளுக்கு ஆணையம் வரை போவதா என்று தயங்குவீர்கள். எனக்கும் ஒருமுறை அந்தத் தயக்கம் இருந்தது. ஆணையத்துக்குப் போவேன் என்று தேதி குறித்து எழுதிய மின்னஞ்சலுக்கே, அதுவரை வாய் திறக்காத கடை மறுநாள் பணத்தை அனுப்பியது. குழந்தைக்கு வாந்தியோ சோர்வோ இருந்தால் இதற்கெல்லாம் முன்பாக மருத்துவர்.

அடுத்து வாங்கும்போது உள்ளே திரவமோ ஜெல்லோ இல்லாத, ஒரே வார்ப்பாகச் செய்த சிலிகான் அல்லது ரப்பர் டீத்தரைத் தேர்ந்தெடுங்கள். ஒட்டிய கண், மூக்கு, கழலும் மணி எதுவும் அதில் இருக்கக் கூடாது. சிறு துண்டுகளைச் சோதிக்கும் ஆய்வக உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துளைக்குள் அடங்கிவிடும் எதுவும் குழந்தையின் மூச்சை அடைக்கலாம் என்று பொருள். விளையாட்டுப் பொருளாக விற்கப்படுவது என்றால் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு அதில் விலக்கு இருப்பதால், மரத்தில் கடைந்ததை வாங்கும்போது சாயத்தையும் சிம்பையும் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, தயாரித்த நாடு, மாதம், ஆண்டு இவை உறையில் இல்லாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பல் வலிக்கு வசம்பு வளையல் போடு என்கிறார் என் மாமியார். தோழியோ அம்பர் மணிமாலை வாங்கச் சொல்கிறாள், விலை ஆயிரத்துக்கு மேல். எது மேல்? (வாசகி, மதுரை)

பதில்: இரண்டும் வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய வசம்பின் மேல் மாமியாருக்கு இருக்கும் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் காலத்தில் அது உரைகல்லில் ஓர் இழுப்பு. இப்போது நாட்டு மருந்துக் கடையிலும் இணையத்திலும் விற்பது, வசம்புத் துண்டுகளுக்கு நடுவே கருப்பு-வெள்ளை மணி கோத்த வளையல். பல் முளைக்கும் குழந்தை முதலில் வாயில் திணிப்பது தன் மணிக்கட்டைத்தான். எச்சிலில் ஊறிய துண்டு நார்நாராகப் பிரியும், நூல் தளரும், மணி தொண்டைக்குப் போகும். உள்ளுக்குக் கொடுப்பதும் சரியல்ல. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருளைக் காரணம் காட்டி, உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-லேயே தடை செய்தது. அதைத் தேனில் குழைத்துத் தருவது இன்னொரு தவறு. ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

அம்பர் என்பது பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் பழங்காலப் பிசின். உடல் சூட்டில் அதிலிருந்து சக்சினிக் அமிலம் கசிந்து வலியைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். சக்சினிக் அமிலம் உருகவே 180 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். குழந்தையின் உடல் சூடு 37. அம்பர் மாலையோடு தூங்கிய பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று கழுத்து இறுகி இறந்ததைச் சுட்டிக்காட்டி, பல் முளைக்கும் காலத்து மாலை, வளையல்கள் எதையும் அணிவிக்க வேண்டாம் என 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மாமியாரிடம் வசம்பு வேண்டாம் என்பதைத் தோழியிடம் அம்பர் வேண்டாம் என்பதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சண்டை குறையும்.

கேள்வி: பல் முளைக்கும் குழந்தைக்கென்றே ரஸ்க், பிஸ்கட் வருகிறதே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உறையில் பொருள்களின் வரிசையைப் பாருங்கள், இரண்டாவதோ மூன்றாவதோ சர்க்கரை என்றால் வந்த பல்லுக்கே அது கேடு. ரஸ்க் வாயில் கரைவதற்குள் கட்டியாக உடைந்து புரையேறவும் கூடும். ஆறு மாதம் கடந்திருந்தால் நன்றாகக் குளிரவைத்த மசித்த வாழைப்பழம் போதும்.

கேள்வி: பதின்மூன்று மாதம் ஆகியும் ஒரு பல்கூட வரவில்லை. கால்சியம் டானிக் வாங்கட்டுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: டானிக் பல்லை இழுத்து வெளியே கொண்டுவராது. பத்து, பதினொரு மாதத்தில் முதல் பல் வரும் குழந்தைகள் பலர்; அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தாமதமாக வந்திருந்தால் பிள்ளைக்கும் அப்படியே வருவதுண்டு. உங்கள் குழந்தைக்கு ஒரு வயது கடந்துவிட்டதால், டானிக்குக்கு வைத்திருக்கும் பணத்தைக் குழந்தைகள் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதற்குச் செலவிடுங்கள். எடை, உயரம், தலையோட்டின் உச்சிக்குழி மூடியிருக்கிறதா என்பனவற்றைக் குழந்தை நல மருத்துவரும் பார்ப்பார். முதல் ஆண்டில் நாள்தோறும் தரவேண்டிய 400 அலகு வைட்டமின் டி துளிமருந்து விடுபட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். முதல் பல் தலைகாட்டிய அன்றே மென்மையான சிறு பிரஷ் ஒன்று வாங்கி, ஃபுளோரைடு பற்பசையை ஓர் அரிசி அளவு மட்டும் வைத்துத் தேய்க்கத் தொடங்குங்கள். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம்.