அம்மாவிடம் சொல்லி அனுப்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,
‘அன்கார்க்ட்’ படம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதைப் பார்த்தேன். நானும் அப்பாவின் புரோட்டாக் கடையில் வளர்ந்தவன்தான். தேசிய சேவை முடிந்துவிட்டது, கடைக்கு வா என்கிறார். எனக்கு ரொட்டி சுடும் தொழில் படிக்க ஆசை. அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன், பதில் இல்லை. படத்தில் அந்த அப்பா செய்வது அநியாயம் இல்லையா?
- ஒரு வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

முதல் முறை பார்த்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது. 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்து, இங்கே அதிகம் பேர் பார்க்காமலே போன படம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பார்பிக்யூ கடை, அதாவது புகையில் வாட்டிய இறைச்சிக் கடை வைத்திருக்கும் லூயிஸ், தன் அப்பா தொடங்கிய கடையை மகன் எலைஜாவிடம் கொடுக்க நினைக்கிறார். மகனோ மாஸ்டர் சொமெலியர் என்ற ஒயின் நிபுணர் தேர்வுக்குப் படிக்கிறான். லேசுப்பட்ட தேர்வில்லை அது. என்னவென்று சொல்லாமல் 6 ஒயின்களை வைப்பார்கள். 25 நிமிடத்துக்குள் சுவைத்து ரகம், ஊர், ஆண்டு எல்லாம் சொல்ல வேண்டும்.

இயக்குநர் பிரெண்டிஸ் பென்னி தொடக்கத்திலேயே பார்பிக்யூ வேலையையும் ஒயின் உருவாவதையும் மாற்றி மாற்றிக் காட்டிவிடுகிறார். இரண்டும் கைவேலை, காத்திருக்கும் வேலை. நமக்குத் தெரிகிறது, லூயிஸுக்குத் தெரியவில்லை. தான் நாள் முழுக்கப் புகையில் நின்றது மகனுக்கு வேண்டாத பொருளாகிவிட்டது என்றுதான் அவருக்குப் படுகிறது.

இரண்டாம் முறை நான் கவனித்தது அம்மா சில்வியாவை. இருவருக்கும் நடுவில் நிற்பவர் அவர்தான். அவர் இறந்த பிறகுதான் அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசியாக வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் ‘அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்’ என்ற வரியில் அதனால்தான் நின்றுவிட்டேன். நம் வீடுகளில் பாதிப் பேச்சு அப்படித்தானே போகிறது!

எலைஜா தேர்வில் தோற்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம். மகன் ஜெயித்ததால் அப்பா மனம் மாறினார் என்று படம் எங்கும் சொல்வதில்லை.

சரி, உங்கள் விஷயம். விடியற்காலையில் அப்பாவோடு கடைக்குப் போங்கள். உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, மூடி வைத்துவிட்டு மாவு ஊறக் காத்திருப்பீர்கள் அல்லவா? அப்போது பேசுங்கள். ரொட்டி மாவும் இப்படித்தான் காத்திருக்க வைக்கும் என்று சொன்னால் அவருக்குப் புரியும். அப்புறம், படிப்பு எத்தனை மாதம், எவ்வளவு செலவு, அதுவரை காலை வியாபாரத்துக்குக் கல்லில் யார் நிற்பது என்பதற்கும் பதில் வைத்திருங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.