வேஃபர் நமத்துப் போகுது, வெயில்ல காயப்போடலாமா?

தச்சநல்லூர் பக்கம் பெட்டிக்கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காங்க. கிரீம் வேஃபர் பிஸ்கெட்டை கண்ணாடி பாட்டில்ல கொட்டி லூஸ்ல விக்காங்களாம், ஐப்பசி மழை பிடிச்சிட்டா ரெண்டு நாள்ல நமத்துப் போயி பிள்ளையள் அதைத் திருப்பிக் கொண்டாந்து குடுக்குதாம். வெயில்ல காயப்போட்டா சரியாகுமா, அரிசி முடிச்சு போடலாமா, ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா, இதான் கேள்வி.

வெயில் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. உள்ள இருக்க கிரீம்ல தண்ணியே கிடையாது, கொழுப்பும் சீனியும்தான், நம்ம ஊரு வெயிலுக்கு அந்தக் கொழுப்பு உருகி மேலயும் கீழயும் இருக்க வேஃபர் தாளுக்குள்ள ஊறிரும், அடுக்கு வழுக்கிட்டு தனித்தனியா வந்துரும், அப்புறம் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்.

ஏன் இவ்வளவு லேசுல நமக்குதுன்னா, அது செய்யுத விதம் அப்படி. மைதாவை நல்லா தண்ணியா கரைச்சு, சூடான ரெண்டு இரும்புத் தட்டுக்கு நடுவுல ஊத்தி மூடிருவாங்க, தண்ணி பூரா ஆவியா பீச்சிட்டு வெளியே ஓடும், ஓடின தடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டையா நிக்கும். அடுப்பை விட்டு வரும்போது தாள்ல ஈரம் 1, 2 சதவீதம்தான் இருக்கும். மழை நாள்ல காத்தோட ஈரப்பதம் 80, 90 சதவீதம்னு நிக்கும்போது அத்தனை ஓட்டையும் ஈரத்தை இழுக்கத்தானே செய்யும், அதுவும் அவ்வளவு மெல்லிசான தாளு. ஆக்சிடென்ட் நியூஸ்ல கார் அப்பளம் போல நொறுங்கியதுன்னு போடுவாங்கள்லா, அப்பளமே ஆனாலும் ஈரம் ஏறிட்டா நொறுங்காது, வளையத்தான் செய்யும்.

கிரீமை தண்ணி இல்லாம செய்யுததும் இதுக்குத்தான். வியன்னாவுல மேனர் (Manner)ங்கிற வேஃபர் கம்பெனிக்காரங்க 1898ல அஞ்சு தாளு, நடுவுல நாலு அடுக்கு ஹேசல்நட் கிரீம்னு போட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அதே அடுக்குதான் ஓடுது. தாளுக்கு நடுவுல ஜாமை தடவிப் பாருங்க, சாயங்காலத்துக்குள்ள துணி மாதிரி துவண்டுரும்.

அரிசி முடிச்சு பெருசா பிரயோஜனப்படாது, ஏன்னா கடையில கிடக்க அரிசியே அந்தக் காத்து ஈரத்தைக் குடிச்சுட்டுதான் கிடக்கு. ஈரத்தை இழுக்குத சிலிக்கா ஜெல் பொட்டலம் பரவாயில்லை, ஆனா பிள்ளையள் கையை விடுத பாட்டில்ல அதைப் போடாதீங்க, மிட்டாய்னு வாயில போட்டுரும். ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்த பாக்கெட்டை சில்லுன்னு இருக்கும்போதே பிரிச்சா வேஃபர் மேல வேர்த்துரும், காரியமே கெட்டுப்போவும்.

செய்ய வேண்டியது என்னன்னா, மொத்த பாக்கெட்டையும் பாட்டில்ல கொட்டாதீங்க. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுதுல்லா ஒரு கவர், ஈரத்தைத் தடுக்குத வேலையை அதுதான் பாக்குது. அரைநாள் யாவாரத்துக்கு எவ்வளவு போகுமோ அதை மட்டும் சின்ன பாட்டில்ல போடுங்க, மூடிக்கு ரப்பர் வாஷர் இருக்கணும். பெரிய பாட்டில் பாக்க ஜோரா இருக்கும், ஆனா பாதி காலியானதும் உள்ள பூரா காத்துதான், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுக்காத்து வேற. மிச்சத்தை கவரோடயே மடிச்சு, வாயை மெழுகுவத்தியில லேசா காட்டி ஒட்டிருங்க. டீ பாய்லர் பக்கத்துல வைக்காதீங்க, அந்த ஆவி ஒண்ணே போதும். முக்கியமா அல்வா, கேக்கு இருக்க டப்பாவுல சேத்து வைக்கவே கூடாது, அதுல இருக்க ஈரம் நேரா வேஃபருக்குத்தான் தாவும்.

கிரீம் இல்லாத ஐஸ்கிரீம் கோனு, வெறும் வேஃபர் தாளுன்னா காப்பாத்திரலாம். தோசைக்கல்லை எண்ணெய் இல்லாம சிம்ல வச்சு ரெண்டு மூணு நிமிஷம் புரட்டி எடுங்க, சூட்டுல தொளதொளன்னு இருந்தாலும் பயந்துராதீங்க, ஆறினதும் மொறுமொறுன்னு ஆயிரும், ஆறின உடனே டப்பாவுல அடைச்சிரணும். கிரீம் வேஃபருக்கு இந்த வைத்தியம் செல்லாது. நமத்ததை பிள்ளையளுக்கு விக்காதீங்க, சிக்கு வாடை இல்லைன்னா வீட்டுல மில்க் ஷேக்ல அடிச்சுக்குடிங்க, வாடை வந்திருந்தா குப்பைதான்.